தீ மூட்டியவர் எவர்?

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டி, ஊரார் கப்ஸ் கோயில் என்றழைக்கும் வானதூதர்களின் அன்னை ஆலயத்தின் எதிரே ழான் தார்க்கின் சிலை நிற்கிறது. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ஜோன் ஆஃப் ஆர்க் என்று சொல்லும் அதே புனிதைதான். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருவோர் அச்சிலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கடற்காற்று வாங்கப் போய்விடுகின்றனர். 1431ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ரூவான் நகரத்துச் சந்தைத் திடலில் அவரை உயிரோடு எரித்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 19. தீர்ப்புரைத்தது ஓர் ஆயர் தலைமையேற்ற திருச்சபை நீதிமன்றம். மகளை இழந்த தாய் நீதி கேட்டு மன்றாட, 25 ஆண்டுகளுக்குப் பின் 1456இல் அத்தீர்ப்பு செல்லாதென அறிவித்ததும் திருச்சபையே. 1920இல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியதும் திருச்சபையே. எரித்த கைதான் பின்னர் மாலையும் சூட்டியது. இந்த வரலாற்றை நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டுப் பெருமூச்சும் விட்டிருக்கிறோம்.

ஆனால் நாம் இங்கு எழுத வந்தது அப்புனிதையைப் பற்றியன்று. அவர் வேடத்தை ஏற்ற ஒரு பெண்ணைப் பற்றி.

அண்மையில் நம் பங்கின் பொதுநிலையினர் கூட்டமொன்றில் திரைப்படமும் இளைஞரும் என்ற பொருளில் பேச்சு எழுந்தது. மூத்தவர் ஒருவர் எழுந்தார். நிறையப் படித்தவர், நம் மதிப்புக்குரியவர். “ழான் தார்க் வேடத்தில் நடித்தாளே ஓர் அமெரிக்கப் பெண், ஜீன் சீபெர்க், அவள் கதி என்னாயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? நல்ல குடும்பத்துப் பெண். சிற்றூரில் நிம்மதியாக வாழ்ந்திருக்க வேண்டியவள். சினிமாவுக்குப் போனாள், சீரழிந்தாள், நாற்பது வயதில் செத்தாள். இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்?” என்றார். அவையில் பலர் தலையசைத்தனர். நமக்குத் தலையசைக்க மனம் வரவில்லை. அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாகச் சொல்ல விழைகிறோம். அம்மூத்தவர் பொறுத்தருள்வாராக.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக் காடுகள் சூழ்ந்த அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்றோர் ஊர். அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர் ஏறத்தாழ 20,000 பேர். 1938 நவம்பர் 13இல் ஜீன் பிறந்தார். தந்தை மருந்துக்கடை நடத்தினார். தாய் ஆசிரியப் பணி செய்தவர். லூத்தரன் சபையைச் சார்ந்த, ஞாயிறு தவறாத குடும்பம். பன்னிரண்டு வயதில் மார்லன் பிராண்டோ நடித்த படமொன்றைப் பார்த்துவிட்டு, தானும் நடிக்க வேண்டுமென்று அச்சிறுமி உறுதி கொண்டாள். பதினான்கு வயதில், வெள்ளையரே பெரும்பான்மையாய் இருந்த அவ்வூரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் தேசியச் சங்கத்தில் உறுப்பினராகப் பெயர் கொடுத்தாள். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும். பள்ளி நாடகங்களில் நடித்தாள். கோடை விடுமுறையில் நாடகக் குழுவொன்றில் சில வாரம் பயின்றாள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். 1956இல் பள்ளிப்படிப்பை முடித்து, நாடகக் கலை பயில அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். கற்றுக்கொள்ளத்தான் புறப்பட்டாள் என்பதைக் குறித்துக்கொள்வோம்.

அவ்வேளையில்தான் ஓட்டோ பிரெமிங்கர் என்ற புகழ்பெற்ற இயக்குநர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் ‘செயின்ட் ஜோன்’ நாடகத்தைப் படமாக்கப் போவதாகவும், நாயகி வேடத்துக்கு யாரும் அறியாத புதுமுகத்தை உலகெங்கும் தேடப் போவதாகவும் சொன்னார். விண்ணப்பித்தவர் 18,000 பேர் என்று விளம்பரத் துறை கணக்குச் சொன்னது. அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேரை இயக்குநரே ஊர் ஊராகச் சென்று நேரில் தேர்வு செய்தாராம். தேடலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் டாலர் செலவு என்றனர். ஜீனின் பெயரை அவருக்காக அனுப்பி வைத்தவர் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர். சிகாகோவில் முதல் தேர்வு, நியூயார்க்கில் இறுதித் தேர்வு. அக்டோபரில், பதினெட்டு வயது நிரம்பச் சில வாரங்கள் இருக்கையில், ஜீன் தேர்ந்தெடுக்கப்பட்டார். எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நாடே அவர் முகத்தைப் பார்த்தது. படத்தில் ஒரு காட்சிகூட எடுக்கப்படுவதற்கு முன்பே அவர் புகழ்பெற்றுவிட்டார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அன்றைய விளம்பரங்கள் இத்தேடலை எப்படி விற்றன? தோம்ரெமி என்ற சிற்றூரில் ஆடு மேய்த்த பெண்ணை இறைவன் அழைத்தார்; மார்ஷல்டவுன் என்ற சிற்றூரில் மருந்துக்கடைக்காரர் மகளைத் திரையுலகம் அழைத்தது. அங்கும் ஒரு கன்னி, இங்கும் ஒரு கன்னி. அங்கும் அறியாமை, இங்கும் அறியாமை. கேட்பதற்கு இனிமையான ஒப்புமைதான். பக்தி கொண்டோர் உள்ளத்தையும் தொடக்கூடியது. தாவீதையும் ஆமோசையும் ஆட்டுமந்தையிலிருந்து அழைத்த இறைவனைப் பற்றிப் படித்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் இந்த ஒப்புமை பொய். இறைவனின் அழைத்தலுக்கும் சந்தையின் தேர்வுக்கும் இடையே உள்ள வேற்றுமையை நம் மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கூடச் சொல்லிவிடுவர். அழைத்தவர் உடன் நடந்தாரா, இல்லையா என்பதே அது. ழான் தன் குரல்களைச் சிறையிலும் கேட்டார். விசாரணை மன்றத்திலும் அவற்றைத் துணையாகக் கொண்டார். மார்ஷல்டவுன் பெண்ணை அழைத்தவர் என்ன செய்தார்?

முதலில் அவ்வேடத்தின் கனத்தைச் சொல்லிவிடுவோம். ஷா தம் நாடகத்தை 1923இல் எழுதி முடித்தார். லண்டனில் 1924இல் அது அரங்கேறியபோது ழானாக நடித்தவர் சிபில் தார்ன்டைக். ஷா அவரை மனத்திற்கொண்டே எழுதினார் என்பர். அப்போது அவருக்கு வயது 41. மேடையில் முதிர்ந்த கலைஞர். கார்ல் டிரையர் 1928இல் எடுத்த மௌனப்படத்தில் ழானாகத் தோன்றிய பால்கொனெத்தி முப்பதைத் தாண்டியவர். பாரிஸ் மேடையில் பழகியவர். 1948இல் அவ்வேடம் ஏற்ற இங்கிரிட் பெர்க்மன் அதற்கு முன்பே மேடையில் ழானாக நடித்திருந்தார். ஷாவின் ழான் பேசுகின்ற பெண். ஆயர்களோடும் படைத்தலைவர்களோடும் சொல்லுக்குச் சொல் வாதாடுகின்ற பெண். நீண்ட அந்நாடகத்தை 110 நிமிடப் படமாகச் சுருக்கிக் கொடுத்தவர் நம் சமயத்தைத் தழுவிய நாவலாசிரியர் கிரகாம் கிரீன். உடன் நடித்தவர்கள் யார்? ஜான் கீல்குட், அன்டன் வால்புரூக், ரிச்சர்ட் விட்மார்க். ஆங்கில மேடையின் அரசர்களில் ஒருவரான கீல்குட்டின் எதிரே, பள்ளி ஆண்டு விழாவில் மட்டுமே கைதட்டு வாங்கிய ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். முதல் நீச்சலுக்கு மகளைக் கூட்டிச் செல்லும் தகப்பன் குளத்துப் படிக்கட்டில் இறக்குவானா, பொங்குமாகடலில் தள்ளுவானா?

1957 தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் படப்பிடிப்புக் கூடத்தில் வேலை தொடங்கியது. தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். பிரெமிங்கர் படப்பிடிப்பில் கூச்சலிடுபவர். நடிகரை நடுங்க வைத்து வேலை வாங்குபவர் எனப் பெயர் பெற்றவர். அவர் அப்பெண்ணிடம் காட்டிய கடுமையை உடன் நடித்தவர்களே பின்னாளில் வருத்தத்தோடு கூறியிருக்கின்றனர். பயிற்சியில்லாத புதுமுகத்தை அவர் ஏன் நாடினார் என்பதற்குக் கலைக் காரணம் சொல்வார்கள்: பழகாத முகத்தில்தான் தூய்மை தெரியுமாம். இருக்கலாம். ஆனால் பழகாத முகத்துக்கு இன்னொரு வசதியும் உண்டல்லவா? அது எதிர்த்துப் பேசாது. தனக்கு என்ன உரிமை உண்டென்று அதற்குத் தெரியாது. கீல்குட்டிடம் கூச்சலிட முடியுமா?

எரிக்கும் காட்சி வந்தது. கம்பத்தில் சங்கிலியால் பிணைத்து, சுற்றிலும் விறகடுக்கி, அடியில் எரிவாயுக் குழாய்களைப் பதித்திருந்தனர். எரிவாயு அளவுக்கு மீறிப் பாய, தீ குபீரென மேலெழுந்து அப்பெண்ணின் உடலைத் தீண்டியது. வயிற்றிலும் கையிலும் காயம். ஒளிப்பதிவுக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. உயிர் பிழைத்தார் என்பது இறைவன் செயல். ஒரு புனிதை எரிந்ததைப் பக்தியோடு காட்டப் புறப்பட்டவர்கள், உண்மையிலேயே ஒரு பெண்ணைச் சுட்டுவிட்டார்கள்.

மே மாதம் பாரிஸ் ஓப்பரா அரங்கில் பெரும் ஆரவாரத்தோடு படம் வெளியிடப்பட்டது. திறனாய்வாளர்கள் கிழித்தெறிந்தனர். யாரை? தேர்ந்தெடுத்தவரையும் சிறிது சாடினர். பெரும்பங்கு பழி அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் மேல் விழுந்தது. குரல் சரியில்லை, உணர்ச்சி இல்லை, பள்ளி நாடகம் போலிருக்கிறது என்றார்கள். பள்ளி நாடகத்திலிருந்து நேரே கொண்டுவந்து நிறுத்தினால் வேறு எப்படி இருக்கும் என்று கேட்டவர் சிலரே. தன்னை இருமுறை எரித்தார்கள், முதலில் படத்தில், பிறகு பத்திரிகையில், இரண்டாவதே அதிகம் வலித்தது என்ற பொருள்பட ஜீன் பின்னாளில் சொன்னார்.

நேர்மை கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரெமிங்கர் அவரை உடனே கைவிட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டே ‘போன்ஷூர் திரிஸ்தெஸ்’ என்ற படத்தில் மீண்டும் நாயகியாக்கினார். அதுவும் ஏச்சு வாங்கியபின்தான் அவருடனான ஒப்பந்தத்தை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஆம், விற்றார், ஒப்பந்தத்தைத்தான். ஆயினும் அச்சொல்லை எழுதுகையில் நம் பேனா தயங்குகிறது. இன்னொன்றையும் மறைக்கலாகாது. ஜீனை யாரும் கட்டாயப்படுத்தி இழுத்துச் செல்லவில்லை. அவர் விரும்பிப் போனார். பெற்றோர் இசைந்து அனுப்பினர். ஊரார் பெருமையோடு வழியனுப்பினர்.

திறமை இல்லாதவரா அவர்? 1959இல் பிரான்சு நாட்டு இளைஞர் கோடார் தம் முதல் முழுநீளப் படத்துக்கு அவரை அழைத்தார். கனமான வசனமில்லை, அன்றன்று எழுதிய வரிகளை அன்றன்று பேசினால் போதும், பாரிஸ் தெருவில் பத்திரிகை கூவி விற்கும் அமெரிக்கப் பெண் வேடம். அதே வெட்டிய முடி, அதே முகம், அதே குரல். உலகத் திரைப்பட வரலாற்றில் அப்படமும் அவர் முகமும் அழியா இடம் பெற்றன. 1964இல் ‘லிலித்’ படத்தில் மனநலம் குன்றிய பெண்ணாக அவர் நடித்ததைத் திறனாய்வாளரும் மதித்தனர். விதை நன்றாகத்தான் இருந்தது. பாறைமேல் விதைத்துவிட்டு விதையைத் திட்டினார்கள் என்பதே நம் வழக்கு.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இதே பிரெமிங்கர் 1953இல் ‘தி மூன் இஸ் புளூ’ என்றொரு நகைச்சுவைப் படம் எடுத்தார். அதில் கன்னி, கர்ப்பிணி என்பன போன்ற சொற்கள் திரையில் வெளிப்படையாகப் பேசப்பட்டன. அமெரிக்கக் கத்தோலிக்கரின் ஒழுக்கப் பாதுகாப்புப் படையான ‘லீஜன் ஆஃப் டீசன்சி’ அப்படத்தைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன் அதைப் பார்க்கலாகாது என அறிக்கை விடுத்தார். அச்சொற்கள் குற்றமா, இல்லையா என்ற வாதத்துக்குள் நாம் இப்போது நுழையவில்லை. நம் கேள்வி வேறு. ஒரு சொல்லுக்காக அத்துணை விழிப்பாய் இருந்த அந்தத் தரப்பட்டியலில், ஒரு பெண்ணின் வயிற்றில் பட்ட தீக்காயத்துக்கு எந்தக் கட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது? எல்லாரும் பார்க்கலாம், பெரியவர்கள் பார்க்கலாம், யாரும் பார்க்கக்கூடாது: திரையில் தெரிவதை இப்படி வகைப்படுத்தினோம். திரையில் தெரிபவரை என்ன செய்தார்கள் என்று கேட்க ஒரு வகை நம்மிடம் இருந்ததில்லை. கழுத்துப் பட்டியின் தாழ்வை அளந்தோம். அக்கழுத்தை நெரித்த கையை அளக்கவில்லை.

திருச்சபை இதைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று எவரும் எண்ணவேண்டாம். ழான் படம் வெளிவந்த அதே 1957இல், செப்டம்பர் 8ஆம் நாள், திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி பற்றி ‘மிராந்தா ப்ரோர்சுஸ்’ என்ற சுற்றுமடலை எழுதினார். நடிகர், தயாரிப்பாளர், இயக்குநர், விநியோகத்தர், திறனாய்வாளர் என ஒவ்வொருவரின் கடமையையும் அதில் பேசினார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஆணையே வெளியிட்டது. ஏடுகள் இருக்கின்றன. அவற்றில் பார்வையாளரைக் காப்பது பற்றிய பகுதியை மட்டும் நாம் ஆலய அறிவிப்புப் பலகைக்குக் கொண்டுவந்தோம். நடிப்பவரின் மாண்பு பற்றிய பகுதி நூலகத்திலேயே தங்கிவிட்டது.

ஜீனின் கதையில் இன்னும் கொடிய அதிகாரம் ஒன்றுண்டு. பதினான்கு வயதில் கறுப்பின மக்களின் சங்கத்தில் சேர்ந்த பெண் வளர்ந்தபின்னும் அம்மனத்தைக் கைவிடவில்லை. கருஞ்சிறுத்தைகள் கட்சிக்குப் பணம் கொடுத்து உதவினார். அமெரிக்க உளவு நிறுவனமான எஃப்.பி.ஐ. அவர்மேல் கண்வைத்தது. 1970இல் அவர் கருவுற்றிருந்தபோது, அக்குழந்தை அக்கட்சியைச் சேர்ந்த ஒருவருடையது என்ற பொய்யைப் பத்திரிகைகளுக்குக் கசியவிட லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகம் அனுமதி கேட்டது. மக்கள் முன் அவர் மதிப்பைக் குறைப்பதே நோக்கம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. தலைமையகம் என்ன பதில் எழுதிற்று தெரியுமா? வயிறு எல்லார் கண்ணுக்கும் தெரியும்வரை இரண்டு மாதம் பொறுக்கலாமே என்று. இக்கோப்புகள் பின்னர் வெளியாயின. நாம் புனைந்து சொல்லவில்லை. கிசுகிசுப் பத்தியொன்று பெயர் சொல்லாமல் எழுதியது. ஆகஸ்டில் ‘நியூஸ்வீக்’ இதழ் பெயரோடே எழுதியது. ஆகஸ்ட் 23ஆம் நாள் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, இரண்டு நாளில் இறந்தது. பெண் குழந்தை, நீனா எனப் பெயரிட்டிருந்தனர். தாய் அச்சிறு உடலை மார்ஷல்டவுனுக்குக் கொண்டுசென்று, பேழையைத் திறந்து வைத்தார். ஊரார் வந்து குழந்தையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

1953இல் கர்ப்பிணி என்ற சொல்லைத் திரையில் கேட்டு நாம் காதைப் பொத்திக்கொண்டோம். 1970இல் ஒரு கர்ப்பிணியின் வயிற்றை அரசும் பத்திரிகையும் ஆயுதமாக்கியபோது காதைப் பொத்திக்கொண்டவர்கள் எங்கே போனார்கள்? அங்குள்ள கத்தோலிக்கரை மட்டும் கேட்கவில்லை. நடிகை என்ற சொல் வந்தாலே குரலைத் தாழ்த்திச் சிரிக்கும் நம் வீட்டுத் திண்ணைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அப்பொய் அத்துணை எளிதாக எடுபட்டது ஏன்? நடிகையைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக ஒரு கூட்டம் காத்திருந்ததால் அல்லவா? அக்கூட்டத்தைப் பல தலைமுறையாகப் பழக்கி வைத்தவர்களில் போதகர்களும் எழுத்தாளர்களும் உண்டு. இது போன்ற இதழ்களும் உண்டு. நம்மை நாம் விலக்கிக்கொள்ளவில்லை.

1979 ஆகஸ்டு இறுதியில் ஜீன் பாரிஸ் வீட்டிலிருந்து காணாமற் போனார். செப்டம்பர் 8ஆம் நாள் அவர் உடல் அவருடைய காருக்குள் கண்டெடுக்கப்பட்டது. வயது 40. தற்கொலையாகலாம் எனக் காவல்துறை சொன்னது. அதன்பின் சில நாள்களில் எஃப்.பி.ஐ. தான் 1970இல் செய்ததை ஒப்புக்கொண்டது. பிறகு என்ன, மாலைகள் தொடங்கின! 1983இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் அவர் வாழ்வை இசைநாடகமாக்கினர். 2011இல் மார்ஷல்டவுனில் அவர் பெயரால் திரைப்பட விழா எடுத்தனர். 2019இல் அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்கள். ரூவானுக்கு 25 ஆண்டு பிடித்தது. இவர்களுக்கு அவ்வளவுகூடப் பிடிக்கவில்லை.

மூத்தவர் சொன்ன பாடத்துக்கு மீண்டும் வருவோம். “வீட்டிலேயே இருந்திருந்தால்” என்றார். தோம்ரெமிப் பெண்ணும் வீட்டிலேயே இருந்திருந்தால் எரிந்திருக்க மாட்டார். அவருடைய நீதிபதிகளும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்கள். பெண்ணுக்கு ஆகாத உடை, ஆகாத இடம், ஆகாத வேலை என்று. நாம் நடிகையைப் புனிதையோடு சமமாக்குகிறோம் என யாரும் மடல் எழுத வேண்டாம். ஜீனின் வாழ்வில் நாம் ஏற்கக் கூடாதவையும் உண்டு. மணமுறிவுகள் உண்டு, தவறுகள் உண்டு. ஆனால் அவர் உடலைச் சுட்டது அவர் செய்த தவறன்று, கவனமின்றித் திறந்துவிடப்பட்ட எரிவாயு. பேரைச் சுட்டது அவரது ஒழுக்கமன்று, அலுவலகக் கோப்பில் கையொப்பமிட்ட பொய். கம்பத்தில் கட்டப்பட்டவளைப் பார்த்து “நீ ஏன் கம்பத்துக்குப் போனாய்” என்று கேட்கும் வழக்கத்தை விடாதவரை, விறகு அடுக்குவோர் நிம்மதியாக அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு நாம் தரும் பேருதவி அதுவே.

பிள்ளைகளை அனுப்பவே கூடாது என்போர் ஒருபுறம். மறுபுறம் நம் பங்குகளிலேயே வேறொரு கூட்டம் பெருகிவருகிறது. தொலைக்காட்சிப் போட்டிகளுக்கு எட்டு வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, அலங்கரித்து, வரிசையில் நிறுத்தி, தேர்வாகாவிட்டால் வீடு திரும்பும் பேருந்திலேயே அடிக்கிற பெற்றோர். தேர்வாகிவிட்டால் பூசைக்கு நேர்ந்துகொள்கிறார்கள். கடவுள் தந்த அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர் எத்தனை பேர்? படப்பிடிப்பு நேரம் எவ்வளவு, கூட யார் இருப்பார், பள்ளிக்கு என்ன வழி, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்பவர் எத்தனை பேர்? வீடு விற்கும்போது பத்திரத்தை மூன்று வழக்கறிஞரிடம் காட்டுகிற நாம், மகளை ஒப்படைக்கும்போது ஒருவரிடமும் காட்டுவதில்லை. இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டாலும், கலை என்பது கற்றுத் தேறவேண்டிய தொழில், அதற்குப் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும் என்பதை இருவருமே ஏற்பதில்லை.

நாடகம் நமக்குப் புதிதா? தவக்காலத்துப் பாஸ்காவும் மூவரசர் நாடகமும் புனிதர்களின் வாழ்வை நடித்துக் காட்டும் கூத்தும் நம் முன்னோர் வளர்த்த செல்வம். இன்றும் திருவிழாவுக்குத் திருவிழா மேடை கட்டுகிறோம். பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலம் போய், நம் பெண்மக்களே மரியாவாகவும் வெரோனிக்காவாகவும் தோன்றுகிறார்கள். பதினான்கு வயதில் புனிதையாக நடித்தால் பங்குத்தந்தை பொன்னாடை போர்த்துகிறார். பதினேழு வயதில் “நடிப்புப் படிக்க வேண்டும்” என்றால் அதே ஊர் வாயில் துணி வைத்துச் சிரிக்கிறது. அப்படியானால் முன்னர் நாம் கைதட்டியது எதற்கு?

சென்ற திருவிழாவில் நம் பங்கு மேடையில் ழான் தார்க்காக நடித்தவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. விசாரணைக் காட்சியில் அவள் பேசியபோது பின்வரிசையில் கடலை விற்றவர்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டார். எரிக்கும் காட்சிக்குச் சிவப்புத் தாளும் மின்விசிறியும் போதுமென்று பங்குத்தந்தை சொல்லிவிட்டதற்காக அவருக்கு நன்றி. நாடகம் முடிந்த மறுவாரம் அம்மாணவி தன் தாயோடு நம்மிடம் வந்து, இதை முறையாக எங்கே கற்கலாம், எவ்வளவு செலவாகும், விடுதி உண்டா என்று கேட்டாள். தாய் ஒன்றும் பேசவில்லை. மகளைத் தடுக்கவும் இல்லை. நம்மிடம் விடை இல்லை. மருத்துவம், பொறியியல், செவிலியர் பயிற்சி, குருமடம் ஆகியவற்றுக்கெல்லாம் வழிகாட்டக் கையேடு வைத்திருக்கிறோம். இதற்கு ஒரு தாள்கூட இல்லை. விசாரித்துச் சொல்வதாக அனுப்பி வைத்தோம். நாடகப் பள்ளிகளின் பட்டியல், உதவித்தொகைக்கான வழி, ஒப்பந்தம் வந்தால் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் என்ற மூன்றையும் அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அம்மூத்தவரும் பேரவை உறுப்பினரே. அவர் வருவார் என்று எதிர்பார்க்கிறோம்.